மாடி போர்ஷனை அந்தப் பெண்களுக்கு விடலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எங்களுக்கு வியாசர்பாடி பி.வி. காலனி. நான் சாயங்காலம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை போடுகிறேன். வீட்டுக்காரர் பெயிண்டர். மாமியார் ரங்கூனில் பிறந்தவர். 1964ல் குடும்பத்தோடு கப்பலில் வந்து இறங்கியவர். ஒரே மகள், நர்ஸிங் முடித்து இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்றவளைப் பார்த்து இரண்டு பேர் "உன் ஊருக்குப் போ" என்று கத்தி, கையிலிருந்த பீர் டின்னை வீசியிருக்கிறார்கள். அடி படவில்லை. ஆனால் அன்றிலிருந்து பிள்ளை கலகலப்பாகப் பேசுவதில்லை.

இந்த நேரத்தில் எங்கள் மாடி போர்ஷன் காலியானது. புரசைவாக்கத்தில் பியூட்டி பார்லரில் வேலை செய்யும் இரண்டு மணிப்பூர்ப் பெண்கள் வந்து கேட்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்காரர், "சப்ப மூக்குக்காரிங்களுக்கெல்லாம் வீடு கிடையாது. ஒருத்தருக்கு உட்டா வடக்கன் மொத்தமும் வந்துடுவான். ஏற்கெனவே அவனுங்களால கூலி போச்சு" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார். மகளுக்கு விஷயம் தெரிந்து வீடியோ காலில் பெரிய சண்டை. "எனக்கு அந்த வெள்ளைக்காரன் செஞ்சதத்தான்பா நீ அவங்களுக்குச் செஞ்ச" என்றாள். "அவன் நம்மள இருநூறு வருசம் அடிமையா வெச்சிருந்தவன். நாம யாரை அடிமைப்படுத்தினோம்? அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று இவர் போனை வைத்துவிட்டார். பத்து நாளாக அப்பாவும் மகளும் பேசவில்லை. யார் சொல்வது சரி? வீடு இல்லை என்று சொன்னது சட்டப்படி குற்றமா? நான் என்ன செய்ய?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வியாசர்பாடி

பதில்:

அன்புள்ள அக்கா,

நான் காசிமேட்டில் பிறந்து வளர்ந்த வக்கீல். எனக்கு மேடம் எல்லாம் வேண்டாம்.

முதலில் மகள். மாடி ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் குடி முழுகிவிடாது. அந்தப் பிள்ளை ஊர் தெரியாத ஊரில், அறைக்குள் தனியாக இதை நினைத்து நினைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பதுதான் அவசரம். அடி படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி முழுக்க அந்த ஊர் நோயாளிகளுக்கு பெட்பேன் வைத்து, பிரஷர் பார்த்து, விடியற்காலையில் வெளியே வந்தவளிடம் உன் ஊருக்குப் போ என்றால் அடி எங்கே பட்டிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். இனத்தையும் நிறத்தையும் காட்டி ஒருவரைத் தாக்கினால், மிரட்டினால், சாதாரணக் குற்றத்தைவிடக் கூடுதல் தண்டனை என்று அந்த நாட்டில் 1998லேயே சட்டம் வந்துவிட்டது. டின் மேலே படவில்லை என்பதால் புகார் நிற்காது என்று அவளே முடிவு செய்துவிடக் கூடாது. உயிர் ஆபத்து இல்லாத புகாருக்கு அங்கே 101 என்ற எண். பஸ் ஸ்டாப்பில் கேமரா இருந்திருந்தால் அந்தப் பதிவை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள், சீக்கிரம் செய்யச் சொல்லுங்கள். வார்டு மேனேஜரிடமும் நர்ஸ் யூனியனிலும் எழுதிக் கொடுக்கட்டும். அவள் ஒருத்திக்கு நடந்தது என்று மட்டும் நினைக்கவிடாதீர்கள். 2024 ஜூலை கடைசியில் சவுத்போர்ட் என்ற ஊரில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். செய்தவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய்யைப் பரப்பினார்கள். அவன் அந்த நாட்டிலேயே பிறந்தவன். பொய் முந்திக்கொண்டது. மசூதிகள்மேல் கல், அகதிகள் தங்கிய விடுதிகளுக்குத் தீ. சண்டர்லாந்து நகரில் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் மீதும் கல் விழுந்தது. அடுத்த சில நாளிலேயே அதே நாட்டு மக்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து, இவர்கள் எங்கள் அக்கம்பக்கத்தவர் என்று அரணாக நின்றார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், பிள்ளைக்குப் பயமும் கொஞ்சம் தெளியும்.

இனி மாடிக்கு வருகிறேன்.

சட்டம் கேட்டீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை போன்ற பொது இடங்களில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. உங்கள் சொந்த வீட்டு மாடி அந்தப் பட்டியலில் இல்லை. மணிப்பூர்க்காரர் என்பதற்காக வீடு இல்லை என்று சொன்ன வீட்டுக்காரரைக் கோர்ட்டில் நிறுத்துவதற்கு நேரான சட்டம் இன்று நம்மிடம் இல்லை. தீண்டாமையைக் காட்டி ஒருவரைக் குடியிருக்க விடாமல் தடுத்தால் 1955ஆம் வருடச் சட்டப்படி குற்றம்; அது வேறு.

ஆனால் "சப்ப மூக்கு" என்று முகத்துக்கு நேரே சொன்னாரே, அது லேசான விஷயம் இல்லை. வடகிழக்கிலிருந்து வருகிறவர்களில் பலர் பட்டியல் பழங்குடியினர். அவர்களை இழிபெயர் சொல்லிக் கூப்பிட்டால் 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடுங்கள் என்று 2012ல் மத்திய உள்துறையே மாநிலங்களுக்கு எழுதியது. எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் அது பொருந்திவிடாது. இருந்தாலும் இனி அந்த வார்த்தை அவர் வாயில் வரக் கூடாது. 2014 ஜனவரியில் டெல்லிக் கடைத்தெருவில் அருணாசலப் பிரதேசத்து மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கேலி செய்ததில்தான் பேச்சு ஆரம்பித்தது. அடியில் போய், உயிர் போய் முடிந்தது. பிறகு மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதற்கென்றே தனிப் பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பிரிவு இன்னும் சட்டப் புத்தகத்துக்கு வந்து சேரவில்லை. என் தொழிலில் எனக்கு ஆறாத மனக்குறைகளில் இது ஒன்று.

சட்டம் இவ்வளவுதான். உங்கள் வீட்டுச் சண்டை இதைவிடப் பெரியது.

அண்ணனின் கோபத்தை நான் தள்ளிவிடவில்லை. என் ஆபீஸ் தம்புச் செட்டித் தெருவில் இருக்கிறது. பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் ஒரு பழைய எல்லைக்கல் நிற்கிறது, பார்த்திருக்கிறீர்களா? 1773ல் நட்டது. கோட்டைக்குள்ளே வெள்ளையர் நகரம், வெளியே நம் ஆட்கள் இருந்தது கறுப்பர் நகரம். வரைபடத்திலேயே அந்தப் பெயர்தான். 1758, 59ல் பிரெஞ்சுக்காரர் முற்றுகை போட்டுவிட்டுப் போனதும், கோட்டையிலிருந்து சுட்டால் குறுக்கே எதுவும் இருக்கக் கூடாது என்று கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த நம் வீடுகளைத் தரைமட்டமாக்கினார்கள். இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் யாரும் கட்டக் கூடாது என்பதற்கு அடையாளம்தான் அது. வீடு இருந்த அந்த மண்ணில் இப்போது ஹைகோர்ட் நிற்கிறது. பிறகு கறுப்பர் நகரம் வடக்கே தள்ளி முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை என்று வளர்ந்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் ஜார்ஜ் டவுன் ஆனது. நான் தினமும் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரம் இது. நடக்கும்போது எனக்கும் வயிறு எரியும்.

இன்னொன்றும் இருக்கிறது, அண்ணனிடம் சொல்லுங்கள், கோபம் இன்னும் கூடட்டும். பிரிட்டன் 1833ல் அடிமை முறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்ட் நஷ்டஈடு கொடுத்தது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடிமையாகக் கிடந்தவர்களுக்குக் காலணா கிடையாது. அதற்கு வாங்கிய கடனை அந்த நாட்டு அரசு கட்டி முடித்தது 2015ல். அதற்குள் கரும்புத் தோட்டத்துக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. மெட்ராஸ் கடற்கரையிலிருந்து கப்பல் ஏற்றினார்கள்: மொரீஷியஸ், நேட்டால், பிறகு ஃபிஜி. 1860ல் ட்ரூரோ என்ற கப்பல் இங்கிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது. உழைத்தவனுக்கு உரிய சம்பளம் என்று நாம் வைத்திருந்த நல்ல வார்த்தை, கூலி. அது அந்த ஊரில் நம்மைத் திட்டும் வார்த்தையாக மாறிவிட்டது. இன்றும் அங்கே வாழும் தமிழரிடம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கும்.

ஆகவே அதுவும் இதுவும் ஒன்றா என்று அண்ணன் கேட்டதற்கு என் பதில்: அளவில் ஒன்று இல்லை. பீரங்கியும் கப்பலும் வைத்துக்கொண்டு கண்டம் கண்டமாக ஆண்டவனையும், வெயிலில் சாரத்தில் தொங்கி வெள்ளையடிக்கிற ஒரு பெயிண்டரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மகள் அவசரத்தில் அப்படி வைத்துவிட்டாள். அந்த வார்த்தை அவருக்கு வலித்திருக்கும். அதை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.

"நாம யாரை அடிமைப்படுத்தினோம்" என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தஞ்சாவூரிலும் செங்கல்பட்டிலும் நிலத்தோடு சேர்த்துப் பண்ணையாளையும் விற்று வாங்கியது நம் ஆட்கள்தான். அடிமை உரிமையைக் கோர்ட் ஏற்காது என்று 1843ல் சட்டம் வரவேண்டியிருந்தது. கறுப்பர் நகரத்துக்குள்ளேயே வலங்கை, இடங்கை என்று இரண்டு சாதிக் கூட்டமாகப் பிரிந்து தெருவுக்குத் தெரு அடித்துக்கொண்டு, 1707ல் கவர்னர் பிட் வந்து உனக்கு இந்தப் பேட்டை, உனக்கு அந்தப் பேட்டை என்று பிரித்துவிட வேண்டிவந்தது. வெள்ளைக்காரன் நம்மை எல்லாம் கறுப்பன் என்று ஒரே பெயரில் அடைத்து வைத்த இடத்திலும் நாம் பக்கத்துத் தெருக்காரனை உள்ளே விடவில்லை.

இப்போது ரங்கூனுக்குப் போகலாம். உங்கள் வீட்டுக் கதை அங்கேதான் இருக்கிறது.

பர்மாவில் தமிழர்கள் இரண்டு விதமாக இருந்தார்கள். கப்பலில் அரிசி மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், வயலில் அறுத்தவர்கள் ஒரு பக்கம். வட்டிக்குப் பணம் கொடுத்த செட்டியார் கடைகள் இன்னொரு பக்கம். 1930களில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாமல் பர்மியக் குடியானவர்களின் நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் கையில் வந்து சேர்ந்தது. பர்மியருக்குக் கோபம் வந்தது, வராதா பின்னே? ஆனால் அது விழுந்தது மூட்டை தூக்கியவன் தலையிலும்தான். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள், பெரும்பாலும் தெலுங்குக்காரர்கள், சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் கம்பெனி காண்டிராக்டர்கள் பர்மியரைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். பேச்சுவார்த்தை முடிந்ததும் பர்மியரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, பழையபடி இந்தியர்களை எடுத்தார்கள். அன்று மூண்ட கலவரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் நம் கூலிகள். இரண்டு பேரையும் வைத்து லாபம் பார்த்தவன் மேல் ஒரு கல் விழவில்லை.

அங்கே ஆள் சேர்த்துக் கொண்டுபோனவனுக்கு என்ன பெயர் தெரியுமா அக்கா? மேஸ்திரி. இங்கே அண்ணனுக்கு வேலை கொடுக்கிறவனுக்கும் அதே பெயர்தான்.

1962ல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டெல்லாம் ஒரே நாளில் செல்லாது என்றார்கள். இந்தியரை இழிவாகச் சொல்லும் "கலா" என்ற வார்த்தையால் ஏசி, வந்த ஊருக்கே போ என்றார்கள். உங்கள் மாமியார் கப்பல் ஏறியது அப்போது. இங்கே வந்து இறங்கியதும் முதலமைச்சர் பக்தவத்சலம் பெயரில் அமைந்த காலனியில் இடம் கிடைத்தது. பாரிமுனையில் பர்மா பஜார் வந்தது, உங்கள் கையில் அத்தோ வந்தது. இங்கேயும் முதலில் யாரும் ஆரத்தி எடுக்கவில்லை. பர்மாக்காரன் என்று கேலி செய்ததை மாமியாரிடம் கேளுங்கள், சொல்வார். "உன் ஊருக்குப் போ" என்ற அந்த மூன்று வார்த்தை உங்கள் வீட்டுக்குப் புதிது இல்லை. பாட்டி ரங்கூனில் கேட்டாள், பேத்தி இங்கிலாந்தில் கேட்டாள். நடுவில் இருக்கும் மகன் அதை வேறு இரண்டு பிள்ளைகளிடம் வேறு வார்த்தையில் சொல்லிவிட்டார். எனக்கு இதில்தான் மனம் தாங்கவில்லை.

அந்தப் பெண்கள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள்? மணிப்பூர். அங்கே பர்மா எல்லையில் மோரே என்று ஒரு ஊர் இருக்கிறது. 60களில் இங்கே பிழைக்க முடியாமல், எப்படியாவது பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று தரைவழியாக நடந்த நம் ஜனங்கள் சிலரை எல்லையில் தடுத்துவிட்டார்கள். திரும்பி வர மனமில்லாமல் அங்கேயே தங்கினார்கள். இன்றும் மோரேயில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது, திருவிழா நடக்கிறது. மணிப்பூர் மண்ணில் தமிழனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்த மண்ணே 2023 மே மாதத்திலிருந்து தீப்பிடித்து, ஆயிரமாயிரம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள், மோரேயும் எரிந்தது. உங்கள் வாசலுக்கு வந்த பிள்ளைகள் எதைப் பார்த்துவிட்டு வந்தவர்களோ. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளைக்காரன் ஆட்சியில் எழும்பூர் மியூசியத்துக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் ஆட்களை நிற்கவைத்து இடுக்கி போன்ற கருவியால் மூக்கின் நீளம், அகலம் அளந்தார். வேடிக்கை பார்க்க மியூசியத்துக்கு வந்தவர்களையும் அளந்தார். சாதிக்கு ஒரு சராசரி மூக்குக் கணக்கு எழுதி வைத்தார்கள். மூக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு கீழ்ச்சாதி என்று ரிஸ்லி என்ற இன்னொரு அதிகாரி அதற்கு ஒரு கோட்பாடே கட்டினார். அந்தக் கணக்கில் மெட்ராஸ் உழைப்பாளி மூக்கும் கீழேதான் வந்தது. அந்தக் கருவியை அண்ணன் கையில் எடுக்க வேண்டாம்.

கூலி விஷயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. முன்பு வாங்கிய தினக்கூலியைக் குறைத்துத்தான் இன்று கூப்பிடுகிறார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெயிண்டர்களும் கொத்தனார்களும் என்னிடமே புலம்புகிறார்கள். அது உண்மையான வலி. ஆனால் குறைந்த கூலிக்கு ஒடிசாப் பையனைக் கொண்டுவந்து தகரக் கொட்டகையில் படுக்கவைப்பது யார்? வெளிமாநிலத் தொழிலாளிக்கு, அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரரின் கூலியைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும் என்று 1979லேயே சட்டம் போட்டார்கள். அதை மதித்திருந்தால் அந்தப் பையனைக் காட்டி அண்ணனின் கூலியைக் குறைக்க எவனாலும் முடிந்திருக்காது. பியூட்டி பார்லரில் புருவம் திருத்துகிற பெண்ணால் அண்ணனின் பெயிண்டிங் கூலி எப்படிக் குறைந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கோபம் வந்தால் ஆள் வித்தியாசம் தெரியாமல் போகிறது. எல்லோரும் வடக்கன் ஆகிவிடுகிறார்கள், மணிப்பூர் கிழக்கே இருந்தாலும்.

நம் பக்கத்திலேயே நடந்தது ஒன்று. 1918ல் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் உருவானது பெரம்பூர் பின்னி மில்லில்தான். மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சாதாரண நாளில் தள்ளி வைத்தவன் போராட்டத்துக்கு மட்டும் கூப்பிட்டால் அவர்கள் எதற்காகப் பட்டினி கிடக்க வேண்டும் என்பது என் எண்ணம். சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளர்களின் ஆத்திரம் கம்பெனியை விட்டுவிட்டு அவர்கள்மேல் திரும்பியது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. வெள்ளைக்கார நிர்வாகமும் அரசும் அந்தப் பிளவில் குளிர் காய்ந்தன. வேலைநிறுத்தம் தோற்றது. எரிந்த இடம் உங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம்.

மகள் இருக்கிற நாட்டிலும் இதே கதைதான், ஆனால் அங்கே முடிவு வேறு. பிரிஸ்டல் என்று ஒரு ஊர். 2020ல் எட்வர்ட் கோல்ஸ்டன் என்ற அடிமை வியாபாரியின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தண்ணீரில் தள்ளினார்களே, அதே ஊர். (சிலையை இடித்தால் வரலாறு போய்விடும் என்று அப்போது பலர் பதறினார்கள். மவுண்ட் ரோட்டில் நின்ற கர்னல் நீல் சிலையை எடுக்கச் சொல்லி 1927ல் இங்கே ஜெயிலுக்குப் போனார்கள், 1937ல் அது மியூசியத்துக்குப் போனது. 1857ல் அவன் செய்த கொலைகளை யாரும் மறந்துவிடவில்லை.) அந்த பிரிஸ்டலில் 1963 வரை பஸ் கம்பெனி கறுப்பினத்தவரையும் ஆசியரையும் டிரைவராகவோ கண்டக்டராகவோ எடுக்காது. கூட நின்றது யார் தெரியுமா, தொழிற்சங்கம்! வெளியாள் வந்தால் ஓவர்டைம் போகும், சம்பளம் குறையும் என்று அண்ணன் சொன்ன அதே காரணத்தைச் சொன்னது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த மக்கள் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று நான்கு மாதம் போராடினார்கள். கம்பெனி பணிந்தது. அதன் பிறகு முதலில் வேலைக்குச் சேர்ந்த வெள்ளையர் அல்லாத கண்டக்டர் ரக்பீர் சிங், நம் நாட்டு சீக்கியர். போராடியது ஆப்பிரிக்க வம்சாவளியினர், முதலில் பலன் வந்தது இந்தியனுக்கு.

அந்த நாட்டில் அப்போது வீட்டு வாசலில் போர்டே தொங்கும், கறுப்பருக்கு இடமில்லை என்று. 1965ல் வந்த முதல் சட்டம் ஓட்டலையும் பஸ்ஸையும் பார்த்தது, வாடகை வீட்டைத் தொடவில்லை. இன்று நம் சட்டம் நிற்கிற இடம் ஏறக்குறைய அதுதான். விடாமல் போராடி, 1968ல் வீட்டையும் சேர்த்தார்கள். உங்கள் மகள் இன்று தங்கியிருக்கும் அறையை அந்த வீட்டுக்காரர் அவள் நிறம் பார்த்து மறுக்க முடியாமல் இருப்பது அதனால். இதை மட்டுமாவது அண்ணனிடம் சொல்லுங்கள். "நீங்க செஞ்சது நிறவெறி" என்று ஆரம்பித்தீர்களானால் காது மூடிவிடும். "நம்ம பொண்ணுக்கு அங்க ரூம் கொடுத்த ஓனர் இப்பிடிச் சொல்லியிருந்தா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து கடைக்குப் போய்விடுங்கள். உட்கார்ந்து பதில் வாங்க வேண்டாம்.

அவருக்கு இது வெளியிலிருந்து வரும் புத்திமதி இல்லை, அவர் பட்டதுதான். நான் வக்கீலாகப் பதிவு செய்த புதிதில் தெற்கே ஒரு தெருவில் வீடு பார்க்கப் போனேன். ஓனர் அம்மா பித்தளை டபராவில் காபி கொடுத்து உபசரித்தார். "மெட்ராஸ்ல எந்தப் பக்கம்?" என்றார். காசிமேடு என்றேன். நான் டபராவைக் கீழே வைப்பதற்குள் அந்த வீடு வேறு யாருக்கோ பேசி முடித்ததாகிவிட்டது. அந்த டபராவின் சூடு இன்னும் என் விரலில் இருக்கிறது. வியாசர்பாடி, 600039 என்று எழுதியதும் கடன் விண்ணப்பத்தை ஓரமாக வைத்து, "நெகட்டிவ் ஏரியா" என்று சொல்லி அனுப்பிய அனுபவம் உங்கள் தெருவில் எத்தனை பேருக்கு! நம் பையன்கள் பைக்கில் நகரத்துக்குள் போனாலே நிறுத்திப் பெயர் கேட்கிறார்களே. பிறந்த கூட்டத்தை வைத்தே குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதும் குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1871ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். 1911ல் மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. சட்டம் போய்விட்டது, அந்தப் பார்வை காக்கிச் சட்டைக்குள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்தப் பார்வை நம்மேல் விழும்போது எப்படி எரிகிறது என்று தெரிந்த ஆள் அண்ணன். அதனால்தான் அவரிடம் பேச முடியும் என்று நம்புகிறேன்.

வடக்கன் வந்துவிடுவான் என்ற பயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று எங்கெங்கோ எடுத்த வீடியோக்களைப் பரப்பினார்கள். பொய் என்று நிரூபித்தார்கள், வழக்குகள் பதிவாயின. ஆனால் அந்தச் சில நாளில் பயந்துபோய் ரயிலேறியவர்கள் எத்தனை பேர். நம்மைப் பற்றி யாரோ பொய் பரப்பியபோது நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! அவர்களைப் பற்றி நம் தெரு வாட்ஸ்அப்பில் வருவதையும் அதே சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது: வீட்டை அவர்களுக்கு விடுங்கள். மாமியாரை முன்னால் நிறுத்துங்கள். அண்ணன் உங்கள் பேச்சைத் தட்டலாம், அம்மா பேச்சைத் தட்டுவது கஷ்டம். அவர் கப்பல் கதையை ஒரு ராத்திரி எல்லோர் முன்னாலும் சொல்லட்டும், மகளும் வீடியோ காலில் இருக்கட்டும். அண்ணனுக்குக் கூலி பிரச்சினையில் உதவி வேண்டும் என்றால், முதலில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா பாருங்கள். பெயிண்டரும் அதில் சேரலாம். மேஸ்திரி கூலி பாக்கி வைத்திருந்தால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்க நான் எழுதித் தருகிறேன். ஒடிசாப் பையன்களுக்கும் பாக்கி இருந்தால் ஒரே மனுவில் அவர்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். தனியாக வந்தால் தனியாகத்தான் தோற்பார்கள்.

வாடகைக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், வாடகை ஆணையத்தில் பதிவும் செய்யுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆதார் நகல் வாங்குவதானால் வாங்குங்கள். முன்பு இருந்த குடித்தனக்காரரிடம் என்ன கேட்டீர்களோ அதையே இவர்களிடமும் கேளுங்கள், ஒன்று கூட வேண்டாம், ஒன்று குறைய வேண்டாம். வாடகையும் அதே வாடகை. ஊர்வழக்கம் என்று பத்து மாச அட்வான்ஸ் கேட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்பது சட்டம்.

டுலெட் போர்டு இன்னும் தொங்கினால் கழற்றிவிட்டு, அந்தப் பெண்களுக்கு இன்றே போன் செய்யுங்கள். அவர்கள் வேறு இடம் பார்த்திருந்தாலும் செய்யுங்கள். வாசலில் வைத்துச் சொன்ன வார்த்தைக்கு ஒரு வருத்தம் சொல்ல வேண்டிய பாக்கி இருக்கிறது.